புகையிலையின் கதை – 17: ஆட்சேபிக்க வேண்டியவர் யார்?

தருமபுரி நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வத்தல்மலை. மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு என்று மேட்டுக்கு ஒன்றாகச் சிதறிய மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள். சாமையும் கேழ்வரகும் விளைந்த காடுகளில் இன்று காபியும் மிளகும் வளர்கின்றன. விளைச்சலைத் தலைச்சுமையாக இறக்கி, உப்பையும் மண்ணெண்ணெயையும் தலைச்சுமையாக ஏற்றிக்கொண்டு போன தலைமுறை அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. தார்ச்சாலை வந்தது இந்த நூற்றாண்டில். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அரசுப் பேருந்து ஏறத் தொடங்கியது சில ஆண்டுகளுக்கு முன்புதான்.

பேருந்து வந்தால் நிறுத்தம் வரும். நிறுத்தத்தை ஒட்டி டீக்கடை வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் மலை பார்க்க வருகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் வரும். சட்டம் எவற்றையெல்லாம் பொது இடம் என்று எண்ணி எழுதியதோ, அவற்றில் பலவும் இந்த மலைக்கு ஒரே தலைமுறைக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த இடங்களில் புகைக்கக் கூடாது என்ற விதியும் கூடவே வந்திருக்கிறது. சமவெளியில் அந்த விதி உருவாக நூறாண்டுக்கு மேல் ஆனது. போன அத்தியாயங்களில் போர்த்துகீசியர் கொண்டுவந்த இலை கோயம்புத்தூர்ச் சீமையின் பணப்பயிரானதையும், திருச்சிச் சுருட்டு லண்டன் வரை போனதையும், பீடி சுற்றும் பெண்களின் விரல்களையும் பார்த்தோம். இலையை விற்றவர்கள், சுற்றியவர்கள், புகைத்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புகையைச் சுவாசித்தவர் மட்டும் இன்னும் வரவில்லை. இந்த அத்தியாயம் அவருடையது.

1890ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் அவரை ஓரிடத்தில் நினைத்துப் பார்த்தது. புகைப்பதற்கென்று ஒதுக்கப்படாத பெட்டியில், சக பயணிகளின் சம்மதம் இல்லாமல் புகைத்தால் 20 ரூபாய் வரை அபராதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் அந்தச் சம்மதம் எப்படிக் கேட்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கைக்குழந்தையோடு மூலையில் ஒடுங்கியிருக்கும் பெண்ணிடம் யார் கேட்டிருப்பார்கள்? பண்ணையாரோடு ஒரே பெட்டியில் ஏற நேர்ந்த கூலியாள் வாய் திறந்திருப்பாரா? நூறு ஆண்டுகள் கழித்து 1989இல் புதிய ரயில்வே சட்டம் வந்தபோதும் அடிப்படை மாறவில்லை. வேறொரு பயணி ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது, மீறினால் 100 ரூபாய் வரை அபராதம் என்றது அது. ரயில் நிர்வாகமே தடை விதிக்க அதிகாரம் தந்ததைத் தவிர, பயணியின் பங்கு அப்படியே இருந்தது. அதாவது, தடுக்கும் வேலை துன்பப்படுகிறவருடையது. வாய் உள்ளவருக்கு மட்டுமே பயன்பட்ட பாதுகாப்பு அது.

சட்டம் வேறு மாதிரியும் எழுதப்படலாம் என்பதற்கு அண்டையிலேயே உதாரணம் இருந்தது. சிங்கப்பூர் 1970இலேயே பேருந்துகளிலும் திரையரங்குகளிலும் புகைப்பதைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டது. அங்கே யாரும் யாரையும் ஆட்சேபிக்க வேண்டியதில்லை.

அந்த நாட்களில் பக்கத்தில் இருப்பவரின் துன்பம் வெறும் எரிச்சலாகவே எண்ணப்பட்டது. கண் கரிக்கிறது, இருமல் வருகிறது, துணியில் நாற்றம் ஏறுகிறது, அவ்வளவுதான் என்றார்கள். புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்பதை இங்கிலாந்தின் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950இல் காட்டிவிட்டார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் வருமா என்ற கேள்விக்கு ஜப்பானிலிருந்து பதில் வந்தது. தோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த தாகேஷி ஹிராயாமா, தாங்கள் புகைக்காத 91,540 மனைவிமாரை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்து பதிவு செய்தார். அதிகம் புகைக்கும் கணவனோடு வாழ்ந்த பெண்கள், புகைக்காதவரை மணந்த பெண்களைவிட ஏறக்குறைய இருமடங்கு நுரையீரல் புற்றுநோய்க்குப் பலியாகியிருந்தார்கள். 1981இல் வெளியான இந்த ஆய்வைச் சிகரெட் கம்பெனிகள் பல ஆண்டுகள் விடாமல் தாக்கின. ஆய்வு நின்றது. அதன்பின் வந்த ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. அடுத்தவர் விடும் புகையில் இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்று அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி 2006இல் அறிக்கை வெளியிட்டார். இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, தாங்கள் புகைக்காமலே பிறர் புகையால் இறப்பவர்கள் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல்.

ஆனால் தருமபுரியைப் பற்றி எழுதும்போது ஜப்பானைவிட நமக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் நடந்தது. தமிழர்கள் முன்னின்று நடத்தியது. நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டியது.

சென்னையைச் சேர்ந்த நோய்ப்பரவல் ஆய்வாளர் வேந்தன் கஜலட்சுமி தொண்ணூறுகளில் ஒரு பெரிய காரியத்தைத் தொடங்கினார். சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் இறந்துபோன ஆண்களின் வீடுகளுக்கு ஆட்களை அனுப்பினார். இறந்தவர் எப்படி இறந்தார், கடைசி மாதங்களில் என்ன தொந்தரவுகள் இருந்தன, புகைப்பாரா, பீடியா சிகரெட்டா என்று குடும்பத்தாரிடம் பொறுமையாகக் கேட்டு எழுதினார்கள். இப்படி 43,000 மரணங்கள். ஒப்பிடுவதற்கு உயிரோடிருந்த 35,000 ஆண்கள். இங்கிலாந்தின் ரிச்சர்ட் பீட்டோ, கனடாவின் பிரபாத் ஜா ஆகியோரோடு, ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் என்று அறியப்பட்ட தஞ்சாவூர் சந்தானகிருஷ்ண கனகாவும் இந்த ஆய்வில் பங்கேற்றார். 2003இல் லான்செட் மருத்துவ இதழ் முடிவுகளை வெளியிட்டது.

புற்றுநோயும் மாரடைப்பும் முதலிடத்தில் நிற்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. புகைக்கும் ஆண்கள், புகைக்காத ஆண்களைப்போல் நாலு மடங்குக்கு மேல் காசநோயால் இறந்திருந்தார்கள். நகரத்திலும் அப்படித்தான், கிராமத்திலும் அப்படித்தான். நடுவயதில் காசநோயால் இறக்கும் இந்திய ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் சாவுக்குப் புகைதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

காரணம் உடலுக்குள் இருக்கிறது. காசநோய்க் கிருமி நம்மில் மிகப் பலரின் நெஞ்சுக்குள் ஏற்கெனவே அடங்கிக் கிடக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பவை நுரையீரலின் காவல் செல்கள். மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்ணிய மயிர்கள் தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. பீடிப் புகை இந்த மயிர்களை முடக்குகிறது, காவல் செல்களைத் தளர்த்துகிறது. அடங்கிக் கிடந்த கிருமி எழுந்துவிடுகிறது. எழுந்த பிறகு அது அந்த ஆளோடு நிற்பதில்லை. அவர் இருமும்போது வீட்டிலுள்ளவர்களுக்கும் பேருந்தில் பக்கத்தில் இருப்பவருக்கும் போகிறது. ஆகவே, நம் ஊரில் ஒருவர் புகைப்பது அடுத்தவரை இரண்டு விதத்தில் தாக்குகிறது: புகை நேராகவே போய்த் தாக்குகிறது, நோய் பின்னால் போகிறது. மேல்நாட்டுப் புத்தகங்களில் இந்த இரண்டாவது வழியைப் பற்றி அதிகம் இருக்காது. அரைவயிறு உண்டு, காற்றோட்டமில்லாத வீட்டில் நெருங்கிப் படுத்துறங்கும் ஏழைகளின் நாட்டில் அதுதான் பெரிய வழி.

பீடி சின்னது, இயற்கையான இலையில் சுற்றியது, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை கிராமங்களில் ஆழமாக வேரோடியிருக்கிறது. அதில் உண்மையில்லை. பீடியில் புகையிலை குறைவுதான். ஆனால் அந்த இலை காற்றை உள்ளே விடாது, இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் கூடுதலாகவே உள்ளே போகின்றன. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் வாயு. செங்குத்துக் காட்டில் மூட்டை சுமந்து ஏறுகிற ஒருவருக்கு அது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. முப்பது, நாற்பது வயதில் கால் விரல்கள் கறுத்து, வெட்டி எடுக்க வேண்டிய நிலையில் அரசு மருத்துவமனைக்கு வரும் ஆண்களை நம் அறுவை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். பீடி ரத்தக்குழாய்களை அடைத்த கதை அது.

இனி நீதிமன்றத்துக்கு வருவோம்.

காற்றை உடல்நலத்துக்குக் கேடாக்குவது குற்றம் என்று 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 278ஆம் பிரிவிலேயே சொல்லியிருந்தது. பொது இடத்தில் புகைப்பவரும் அதைத்தான் செய்கிறார் என்று ஒரு நீதிமன்றம் சொல்ல 139 ஆண்டுகள் ஆயின. மோனம்மா கோக்காட் என்ற கல்லூரி ஆசிரியையின் பெயரோடு இன்றும் நினைக்கப்படும் வழக்கில், 1999 ஜூலை 12 அன்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது இடத்தில் புகைப்பது சட்டவிரோதம், உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்கு எதிரானது, அதைத் தடுக்க மாவட்ட ஆட்சியர்கள் உத்தரவிட வேண்டும் என்றது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் நம் தேவகோட்டையில் பிறந்த நீதிபதி ஏஆர். லட்சுமணன். உடன் இருந்தவர் நீதிபதி நாராயண குருப்பு. இந்தத் தீர்ப்பில்தான் பொறுப்பு இடம் மாறியது என்பது என் கருத்து. பக்கத்திலிருப்பவர் ஆட்சேபித்தாரா, மௌனமாக இருந்தாரா என்ற கேள்வியே அதற்குப்பின் தேவையில்லை. அவருடைய மூச்சு அவருடைய உரிமை.

மும்பையைச் சேர்ந்த அரசியல் தலைவர் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் இதையே நாடு முழுவதற்குமாக்கியது. மருத்துவமனைகள், கல்வி நிலையங்கள், நூலகங்கள், நீதிமன்றங்கள், அரசு அலுவலகங்கள், ரயில் உள்ளிட்ட பொது வாகனங்கள் எல்லாம் அதில் அடங்கின. தமிழ்நாடு 2002இல் புகைபிடித்தல், எச்சில் துப்புதல் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2003இல் நாடாளுமன்றம் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தை நிறைவேற்றியது. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம்.

அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. திறந்த வெளி பொது இடமாகாது என்று அது எழுதியிருந்தது. சுவரும் கூரையும் உள்ள நகரத்துக்கு அது பொருந்தலாம். நம் நாட்டில் மக்கள் கூடும் இடங்களில் பாதி திறந்த வெளிதானே. மரத்தடியில் பேருந்துக்குக் காத்து நிற்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்?

ஓட்டையை அடைத்தவை 2008ஆம் ஆண்டின் விதிகள். அப்போது மத்தியச் சுகாதார அமைச்சராக இருந்தவர் மருத்துவரான அன்புமணி ராமதாஸ். பின்னாளில், 2014இல், தருமபுரித் தொகுதியிலிருந்தே மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். சினிமாவில் கதாநாயகர்கள் புகைப்பதை அவர் எதிர்த்ததுதான் அந்நாளில் பத்திரிகைகளை நிறைத்தது. அதற்காக வந்த விதியை 2009 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பேச்சு அதிகம் எழாத பொது இட விதிகள்தாம் நிலைத்தன. திறந்தவெளி அரங்கு, விளையாட்டரங்கம், ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைத் திறந்த வெளி என்று சொல்லி விலக்க முடியாது என்று அந்த விதிகள் தெளிவாக்கின. வேலை செய்யும் இடங்கள் உள்ளே வந்தன. உணவகம் என்பதற்குள் காபிக் கடையும் வந்தது. குறைந்தது முப்பது அறைகள் உள்ள விடுதிகளும் குறைந்தது முப்பது இருக்கைகள் உள்ள உணவகங்களும் விமான நிலையங்களும் மட்டும் தனி அறை ஒதுக்கலாம். சிகரெட் தொழில் தரப்பும் விடுதித் தொழில் தரப்பும் நீதிமன்றத்துக்குப் போயின. செப்டம்பர் இறுதியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. காந்தி பிறந்த நாளான 2008 அக்டோபர் 2 அன்று விதிகள் நடைமுறைக்கு வந்தன. சிறுவயதில் பீடிக்காக வேலைக்காரரின் சில்லறையைத் திருடியதைத் தன் வரலாற்றில் மறைக்காமல் எழுதியவர் காந்தி. தருமபுரி தனி மாவட்டமானதும் ஓர் அக்டோபர் 2 அன்றுதான், 1965இல்.

இந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு வத்தல்மலையைப் பாருங்கள். பேருந்து, பேருந்து நிறுத்தம், டீக்கடை, ரேஷன் கடை, பள்ளிக்கூடம், எல்லாம் தடைக்குள் வருகின்றன. மார்கழிக் காலையில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வளைவுகளில் இறங்கும் பேருந்தில் ஒரே ஒரு பீடி போதும், கடைசி இருக்கைக் குழந்தை வரை அந்தப் புகை போகும். வாயில்களில் வைக்க வேண்டிய அறிவிப்புப் பலகையின் அளவைக்கூட விதிகள் சொல்கின்றன: 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர். அபராதம் விதிக்கப் போலீஸ்காரர்தான் வர வேண்டும் என்பதில்லை. பள்ளித் தலைமை ஆசிரியருக்கும், நூலகருக்கும், அஞ்சல் நிலையப் பொறுப்பாளருக்கும் தத்தம் இடத்தில் அந்த அதிகாரம் உண்டு. காவல் நிலையம் தொலைவில் இருக்கும் மலையூருக்கு இது மிக முக்கியமான ஏற்பாடு. அந்த அதிகாரம் தங்களுக்கு இருப்பதை அறிந்த தலைமை ஆசிரியர்கள் மிகக் குறைவு என்பதுதான் வருத்தம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு எங்குமே விற்கக் கூடாது. சென்னையில் நூறு கஜம் என்பது தெரு முனை. ஐம்பது அறுபது வீடுகள் கொண்ட மலைச் சிற்றூரில் பள்ளியை நடுவாக வைத்து நூறு கஜம் அளந்தால், ஏறக்குறைய ஊரே அதற்குள் அடங்கிவிடும். சட்டத்தை எழுத்துப்படி நடத்தினால் அங்கே பீடி விற்க இடமே இருக்காது. வத்தல்மலையைச் சுற்றுலாத் தலமாக வளர்க்க அரசு முனைந்திருக்கும் நேரம் இது. கடைகள் பெருகிய பின் அளப்பதைவிட, இப்போதே அளந்து கோடு போடுவது எளிது. இதை மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டும் என்று மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தேசிய அளவில் புகையிலை பழகிய வயதுவந்தோர் 2009–10இல் 34.6 சதவீதமாக இருந்து 2016–17இல் 28.6 சதவீதமாகக் குறைந்தார்கள். அதே காலத்தில் தமிழ்நாட்டில் 16.2 சதவீதம் 20 சதவீதமாக உயர்ந்தது. நாடு இறங்கும்போது நாம் ஏறியிருக்கிறோம். நாட்டின் சராசரியைவிட நம் எண் சிறியது என்று ஆறுதல் கொள்ள இதில் ஒன்றுமில்லை. பெட்டிக்கடையில் சிகரெட்டை ஒற்றையாக வாங்கலாம். அட்டையில் 85 சதவீத இடத்தை நிறைக்க வேண்டிய எச்சரிக்கைப் படம் கடைக்காரரின் கையோடு நின்றுவிடுகிறது, வாங்கும் பையனின் கண்ணில் படுவதில்லை. அபராதத் தொகையோ 2003இல் எழுதிய அதே 200 ரூபாய்.

தடையால் முடியாத ஒன்றும் உண்டு. சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. ஹிராயாமாவின் பெண்கள் நோயை வாங்கியது பேருந்தில் அல்ல, வீட்டில். விறகடுப்புப் புகையோடு பீடிப் புகையும் சேரும் ஒற்றை அறை வீட்டில் பொது இடத் தடையால் ஒரு குழந்தையையும் காப்பாற்ற முடியாது. அங்கே புகைப்பவரை விடச் செய்வது ஒன்றே வழி. விட விரும்புகிறவருக்குத் தனியே விடுவது கடினம். நிக்கோட்டின் மூளையைப் பிடித்து வைத்திருக்கும் பிடி அப்படி. அவரைக் குற்றவாளிபோல் நடத்தினால் அவர் ஒளிந்து புகைப்பார், அவ்வளவுதான்.

இதற்கான கருவிகள் நம்மிடம் இருக்கின்றன. வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. காசநோயாளிகளில் மிகவும் நலிந்தவர்களை உடனே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை 2022இல் தமிழ்நாடு தொடங்கியது. புகையை விட உதவும் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைப் பீடிக்கட்டின் மேலேயே அச்சிட வேண்டும் என்பது சட்டம். விழுப்புரத்துக் கிராமங்களில் கஜலட்சுமியின் ஆட்கள் வாசல் வாசலாகக் கேட்ட கேள்வி, இறந்தவர் புகைப்பாரா என்பது. அதே கேள்வியை, ஆள் உயிரோடு இருக்கும்போதே, ஒவ்வொரு மாதமும் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் கேட்க வேண்டும். விடுகிறீர்களா அண்ணா, நான் உதவுகிறேன் என்ற அடுத்த வரியும் அதோடு சேர வேண்டும். புகையை விட்ட ஓராண்டில் மாரடைப்பு ஆபத்தில் கூடுதலாக இருந்ததில் ஏறக்குறைய பாதி குறைகிறது. அறுபது வயதில் விட்டாலும் ஆயுள் கூடுகிறது.

புகையாத புகையிலையின் கதை வேறு. 2001 நவம்பரில் தமிழ்நாடு குட்காவுக்கு விதித்த தடையும், அது நீதிமன்றங்களில் பட்ட பாடும் அடுத்த இதழில்.

(தொடரும்)